சிவப்புக் கோடு

பழைய சர்க்கஸ் கேரவன் ஒன்றை விடுதி அறையாக மாற்றும் வேலை இருளப்பனுக்குக் கிடைத்தது. மெத்தை தைக்க உடன் வந்த அவன் மனைவி செங்கமலம், தான் வளர்ந்த வண்டி அது என்பதை ஏறியதுமே கண்டுகொண்டாள். அவன் சுவரின் மைக்காவைப் பெயர்த்தபோது பலகையில் பெயரும் மாதமும் எழுதிய பென்சில் கோடுகள் தெரிந்தன. அவளையும் தங்கை பவளத்தையும் சர்க்கஸ் மாஸ்டர் மாதாமாதம் நிறுத்தி அளந்தவை. அவற்றுக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டி வளர்ந்த பிள்ளையை ஆள்மேல் ஆள் நிற்கும் ஆள்கோபுரத்தின் உச்சியில் ஏற்றமாட்டார்கள். அடுத்த பிள்ளை ஏற வேண்டும்.

"இந்தக் கூத்தப் பாரு," என்று இருளப்பன் டேப்பை வைத்துச் சிரித்தான். "ஆடியில சிவப்பைத் தாண்டிட்ட. ஆவணியில ரெண்டு இஞ்ச் குறைஞ்சிருக்க. மழையில சுருங்கிட்டியா?"

உச்சியில் நிற்கும்போதெல்லாம் பயத்தில் உடை நனைந்துபோகும் பிள்ளையாக இருந்தாள் அவள். அந்த ஆடியில் அளக்கும்போது பாதம் மறையும் நீளப் பாவாடை கட்டியிருந்தாள்.

"பவளம் கோடு ஆடியோட நிக்குதே. காய்ச்சல்ல செத்துப்போனாள்னு சொன்னியே, அப்பவா?"

"ஆமா," என்றாள். பவளம் உச்சியிலிருந்து விழுந்ததை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"சரி, நில்லு. இப்ப எவ்வளவுன்னு பாப்போம்."

பலகையில் முதுகைச் சாய்த்து நின்றாள். அவன் அவள் தலைமேல் பென்சிலை வைத்துவிட்டுக் கீழே பார்த்தான்.

"குதிகாலைக் கீழ வைடி. யாரை ஏமாத்தப் பாக்குற?"

அவள் குனிந்து பார்த்தாள். குதிகால்கள் இறங்க மறுத்தன.