ஓய்வு நாளில் ஓர் ஆமை

ஒரு குளத்தில் ஆயிரம் தவளைகளும் ஓர் ஆமையும் வாழ்ந்து வந்தன. ஆறு நாள் எல்லாரோடும் பேசிச் சிரிக்கும் ஆமை, ஏழாம் நாள் மட்டும், "இன்று எனக்கு ஓய்வு" என்று ஓட்டுக்குள் ஒடுங்கிவிடும். வெள்ளம் வந்த ஆண்டில், அது உள்ளிருந்தபடியே மேகங்களை அழைத்ததாகத் தவளைகள் பேசிக்கொண்டன. மழை பொய்த்த ஆண்டில், விரட்டியதாகப் பேசிக்கொண்டன. சான்று கிடைத்ததும் ஆமையைத் துரத்திவிடுவதென்று தீர்மானித்து, நெடுங்காலன் என்னும் தவளையை வேவு பார்க்க அனுப்பின.

நெடுங்காலன் தாமரையிலைக்குப் பின்னால் பகல் முழுதும் பதுங்கிக் கிடந்தான். மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தபோதும் அவன் வாயைத் திறக்கவில்லை. கேட்டதெல்லாம் குறட்டைதான்.

திரும்பி வந்தவன், "அண்ணே, ஆமையார் உண்மையாகவே தூங்குகிறார்" என்றான்.

"யாரும் பார்க்காதபோதும் நடிக்கிறதா? அடேயப்பா, என்ன சாமர்த்தியம்!" என்றார் தலைவர் பெருவாயர்.

"நடிப்பில்லை, அண்ணே. நாள் முழுதும் வாயே திறக்காமல் பக்கத்திலேயே இருந்தேன்."

பெருவாயர் இரண்டடி பின்வாங்கினார்.

"நாள் முழுதும் வாயே திறக்கவில்லையா? உண்மையைச் சொல், தம்பி. நீ எத்தனை நாளாக ஆமை?"