சலோனிகா ரொட்டி

"மாவு புளிக்கக் கள்ளு ஊத்த வேணாம் தங்கச்சி. அந்த ஊர்ல இன்னாமோ ஒரு புளிப்பு போடுவாங்க. நம்ப வூட்டுக்குப் புளிச்ச தயிரே போதும்."

சமையலறை வாசலில் தொங்கிய திரையைப் பார்த்துச் சொன்னான் ரத்தினசாமி. திரைக்கு அந்தப் பக்கம் நசீமுன்னிசா கோதுமை மாவில் தயிரை ஊற்றினாள்.

ரத்தினசாமி ஒன்றும் சமையல்காரன் அல்ல. முதல் உலக யுத்தம் முடிந்து, கிரேக்க தேசத்துச் சலோனிகாவிலிருந்து கப்பலில் திரும்பிய கோவேறு கழுதைப் படைக்காரன். காவேரிப்பாக்கத்தில் பெற்ற தாயின் முகத்தைப் பார்த்த மறுநாளே ஆம்பூருக்கு ரயிலேறி வந்திருந்தான், ஒரே ஒரு சேதி சொல்ல. அதே படையில் சேணம் தைத்துக்கொண்டிருந்த நசீமுன்னிசாவின் புருஷன் ஷபீ அஹமது, காய்ச்சலில் செத்துப்போனான் என்ற சேதி. சர்க்கார் சொல்லி அனுப்ப வருஷமாகும் என்று படையில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

குண்டு மழைக்கு நடுவே கழுதை ஓட்டியவனுக்கு இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. வாசலில் நின்று, "சலோனிகாவுலேர்ந்து வர்றேன், ஷபீ பாயோட தோஸ்த்து" என்றானோ இல்லையோ, உள்ளேயிருந்து அவள் குரல் முந்திக்கொண்டது.

"அந்தப் பை ரொட்டி செய்யத் தெரியுமாண்ணா? வந்து கத்துத் தர்றேன்னு காயிதத்துல எழுதியிருந்தாரு."

தெரியும் என்று சொல்லித் தொலைத்தான். அதோடு மாட்டிக்கொண்டான்.

"பிசைஞ்சு அரை மணி மூடி வெச்சா ஆச்சு. பெரிய வேலையே இல்ல தங்கச்சி."

மாவு பிசையும் சத்தம் கேட்டது. வளையல் சத்தம் கேட்கவில்லை. மாவு ஒட்டும் என்று கழற்றி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். கூடத்து மூலையில், தமிழ் புரியாத மாமியார் சுகரா பேகம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

மாவு ஊறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமினான்.

"உள்ள இன்னாண்ணா வெப்பாங்க?" என்றாள் நசீமுன்னிசா.

"வெள்ளரிக்கா, வெங்காயம், புதினா, வேகவெச்ச கொண்டக்கடலை. தயிரைத் துணியில கட்டித் தண்ணிய வடியவுட்டு அதுல கலந்துடணும். கறி கெடையாது, எண்ணெ பேருக்குத்தான். வயித்துக்கு அவ்ளோ லேசு."

"காரமில்லாம அவருக்கு எப்பிடி எறங்குச்சு?"

"எங்க எறங்குச்சு! ஊர்லேர்ந்து காஞ்ச மொளகா ஒரு முடிச்சு எடுத்தாந்திருந்தாரு. அதைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்குவாரு. ரொட்டி விக்கிற கெழவி அதைப் பாத்துட்டு மார்ல அடிச்சுக்குவா."

"அந்த முடிச்சு நான் கட்டிக் குடுத்தது" என்று அவள் சிரித்தாள்.

சிரிக்கிறவளிடம் எந்த வாயால் சொல்வான்? சண்டாளத்தனமான வேலைக்கு வந்து சேர்ந்தோமே என்று நொந்துகொண்டான். அதற்குள் அரை மணியும் ஆகிவிட்டது.

"தவா நல்லாக் காயட்டும் தங்கச்சி. அப்பத்தான் ரொட்டி உப்பும். உப்பினதைப் பாதியா வெட்டினா ரெண்டு பை. தையலே இல்லாத பையி, தோல்ல இப்பிடி ஒண்ணு செஞ்சா ஆம்பூரே வந்து வாங்கும்பாரு பாய்."

"எத்தனை சாப்புடுவாரு?"

"நாலு. எனக்கு வெச்சதையும் சேத்து. கடைசியாக்கூட அரை ரொட்டி..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். உள்ளே ரொட்டி தேய்க்கும் குழவி நின்றது.

"கடைசியான்னா, நான் கப்பல் ஏறின அன்னிக்கு" என்று உளறினான். குழவி மறுபடி உருண்டது. எந்தக் கப்பலில் அவர் வருகிறார் என்று கேட்டுவிடுவாளோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரத்தில் திரைக்கு அடியில் ஒரு தட்டு நகர்ந்து வந்தது. முதல் இரண்டு ரொட்டியும் உப்பவில்லையாம். தட்டில் இருந்தது மூன்றாவது. பாதியாக வெட்டி, வாய் பிளந்த இரண்டு பைகளிலும் தயிரும் வெள்ளரிக்காயும் நிறைத்திருந்தாள். ஒரு கடி கடித்தான்.

"சரியா வந்திருக்காண்ணா?"

"அச்சு அசல் தங்கச்சி. அதேதான்."

தோள்பைக்குள் கையை விட்டான். ஷபீயின் தொழுகைத் தொப்பி விரலில் பட்டது. அதை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டால் வாயே திறக்க வேண்டாம். அதற்கும் கை வரவில்லை. சீ, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தான்.

"நான் வர்றேன் தங்கச்சி. ஒரு சேதி சொல்லத்தான் வந்தேன். வாய் வரல. நாளைக்கு வந்து கண்டிப்பா சொல்லிட்றேன்."

வாசலில் செருப்பை மாட்டினான். திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"அந்தச் சேதி தந்தியில வந்து ரெண்டு மாசமாவுதுண்ணா, நாளைக்கு வந்து அவரைப் பத்தி மத்ததைச் சொல்லுங்க."