எதிர்வீட்டுச் சோறு

எழவு விழுந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டக் கூடாது, எதிர்வீட்டார்தான் பொங்கிக் கொண்டுவர வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஊர் காலியாகக் காலியாக, எல்லா எழவுக்கும் பொங்கிப் போட்டவள் செண்பகவல்லி. இப்போது அவளையே எரித்துவிட்டு வந்திருந்தார்கள். வந்த சொந்தம் அப்படியே வேனில் டவுனுக்குத் திரும்பிவிட்டது. ஊரில் மீந்தது அவள் புருஷன் வெள்ளியங்கிரியும் எதிர்வீட்டு நாச்சிமுத்துவும்தான்.

"எனக்கு அடுப்புப் பத்தவெக்கவே தெரியாது மாப்ள," என்றார் நாச்சிமுத்து. "உங்கூட்லயும் பத்தவெக்கக் கூடாது."

வெள்ளியங்கிரி அவர் வீட்டுக்குப் போய் அவர் அடுப்பில் சோறு பொங்கினான். பானையோடு தெருவைக் கடந்து தன் வீட்டுக்குள் கால் வைக்கப் போனபோது, தட்டுகளோடு பின்னால் வந்தவர் தடுத்தார்.

"நில்லு மாப்ள. பொங்குனவங்கதான் பானையக் கொண்டாரோணும். அதும் உள்ள இருந்து 'கொண்டாங்க'ன்னு கூப்புட்டாத்தான் போகோணும்."

"அப்ப நீங்க உள்ள போய்க் கூப்புடுங்க மாமா."

"நானெப்பிடி? இது எங்கூட்டுச் சோறாச்சே."

பானை கையைச் சுட்டது. திறந்து கிடந்த கதவைப் பார்த்தபடி வெள்ளியங்கிரி நின்றான்.