காது மிஷினுக்கு அனுமதி இல்லை

எல்லைச் சாவடி வரிசையில் நின்றபடி, "ஜன்னலைச் சாத்தினீங்களா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டேன். என் கணவர் தேவசகாயம் தலையாட்டினார்.

கேட்டதையெல்லாம் சேமித்து வைக்கும் எந்தக் கருவியும் அந்த நாட்டுக்குள் போகக் கூடாதாம். காது மிஷினும் அதில் சேரும் என்று அதிகாரி என் கணவருடையதைக் கேட்டார். "மூணு நாள்தானே ஐயா, திரும்பும்போது வாங்கிக்கலாம்."

"மூணு நாள் இவ பேச்சைக் கேட்க வேண்டாமா? ரொம்ப நன்றி சார்" என்று கழற்றிக் கொடுத்தார்.

மறுநாள் அவர் சாலையில் இறங்கியபோது பேருந்து ஹாரன் அடித்தது. நானும் கத்தினேன். அவர் திரும்பவில்லை. அங்கேயே அடக்கம் செய்தோம்.

ஊர் திரும்பும்போது, பொருளுக்குச் சேதமில்லை என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மிஷினைக் கொடுத்தார்கள். உண்மைதான், ஒரு கீறல்கூட இல்லை. ஒலியளவு, என் உரத்த குரலுக்காக அவர் குறைத்து வைத்த இரண்டிலேயே இருக்கிறது.