ஒரு வாளித் தண்ணீருக்குக் கீழே

கேப்டன் ஓடையில் வாளியை நிரப்பிக்கொண்டு வந்தபோது, தையற்காரி தார்ப்பாய்க்குக் கீழே படுத்தாயிற்று.

கேப்டன் கப்பல் எதுவும் ஓட்டியதில்லை. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். சனி ஞாயிறானால் காட்டுக்குக் கிளம்பிவிடுகிற அந்தச் சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

சங்கத்தில் சேர ஒரே ஒரு தேர்வு. இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்ட வேண்டும். அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு நான்கு மூலையையும் இழுத்துக் கட்ட வேண்டும். யாரும் கை கொடுக்கக் கூடாது. பிறகு கேப்டன் உச்சியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார்.

கயிறு தொய்ந்தால் தார்ப்பாய் தொட்டியாகிவிடும். நனையாமல் எழுந்து வந்தால் உறுப்பினர். நனைந்தால் 'நனைஞ்ச கோழி'. ஊர் திரும்பும்வரை பாத்திரம் தேய்ப்பது கோழியின் பொறுப்பு.

பல் டாக்டர் மூன்று தடவை கோழியானவர்.

"அக்கா, துண்டு ரெடியா வச்சிருக்கேன். அனுபவசாலித் துண்டு, நல்லா உறிஞ்சும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தையற்காரியும் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. காலையில் வேனை விட்டு இறங்கியதிலிருந்தே அப்படித்தான். ஈரமான சுள்ளி புகைந்ததற்குச் சிரித்தாள். அணில் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியதற்குச் சிரித்தாள்.

ஆனாலும் ஒரு பயம் இருந்தது, பாத்திரம் தேய்ப்பதற்கு அல்ல. வரும் வழியிலேயே ஒரு முடிவு எடுத்திருந்தாள். நனைந்தால் இந்தத் தார்ப்பாய் மறுபடியும் பரணுக்குப் போகும். பிறகு அதை எடுப்பதாக இல்லை.

கேப்டன் ஊற்றுவதற்கு முன்னால் முடிச்சைப் பார்த்தார். குனிந்து இன்னொரு தரம் பார்த்தார்.

"என்னம்மா இது, ரிவர்ஸ் கியர்லயே முடிச்சுப் போட்டிருக்கே?"

வலது பக்கம் போக வேண்டிய சுற்று இடது பக்கம் போயிருந்தது. மேலே வர வேண்டிய கண்ணி சரியாகத்தான் வந்திருந்தது, ஆனால் எதிர்த்திசையில். நான்கு மூலையும் அதே கோலம்.

பல் டாக்டர் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"நம்ம முடிச்சுதாங்க. கண்ணாடில பார்த்தா இப்படித்தான் தெரியும். இருபது வருஷமா கண்ணாடியை வாய்க்குள்ள விட்டுப் பார்க்கிறவன் சொல்றேன்."

"மூணு தடவை நனைஞ்சவன் சாட்சியெல்லாம் செல்லாது. தண்ணி சொல்லட்டும்," என்று கேப்டன் வாளியைத் தூக்கினார். "நடுவுல படும்மா. அவ்வளவு இடம் கிடக்கு, ஏன் ஓரத்துல ஒண்டிக்கிட்டு?"

"இருக்கட்டுண்ணா. இப்படியே ஊத்துங்க."

ஊற்றினார்.

தலைக்கு மேலே மொத்த ஓடையும் விழுந்த மாதிரி ஒரு சத்தம். தார்ப்பாய் ஒரு கணம் உள்வாங்கியது. கயிறு 'கிறீச்' என்றது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

முடிச்சு வழுக்கவில்லை. கயிறு விண்ணென்று நின்றது. தண்ணீர் இரண்டு பக்கமும் சரசரவென்று வழிந்து ஓடியது. அவளுடைய முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, புல்லில்.

அதற்குள் ஒரே கூச்சல். கேப்டன் காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு மேளம் தட்டினார். பல் டாக்டர் காய்ந்த துண்டைத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு ஆடினார். அன்றைய முதல் டீ புது உறுப்பினருக்குத்தான். யாரோ குவளையை அவள் கையில் திணித்தார்கள். உதடு சுட்டது. அதற்கும் சிரித்தாள்.

"உனக்கு இடது கைப் பழக்கமாம்மா?" என்றார் கேப்டன்.

"இல்லண்ணா. எதிர்ல உக்காந்து பார்த்துக் கத்துக்கிட்டது."

வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கணவருக்கு எதிர்ப்பக்கம். ஒரு மாதம் முழுக்க, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், இரண்டு நாற்காலி முதுகுகளுக்கு நடுவே கயிற்றைக் கட்டிக் கட்டி அவிழ்ப்பார். சங்கம் அனுப்பிய சின்னப் புத்தகம் முன்னால் விரிந்து கிடக்கும். "பார்த்தியா, பார்த்தியா, நின்னுடுச்சு!" என்பார். யாருடைய பாவாடைக்கோ ஓரம் தைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், "ம்" என்பாள்.

பார்க்கவில்லை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். இன்று காலை கயிற்றைத் தொட்டதும் கை தானாகப் போயிற்று. அவருடைய வலது கை போன பக்கம் அவளுடைய இடது கை.

"அப்படி ஒரு வாத்தியாரா!" கேப்டன் வாளியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அடுத்த வாரம் அந்த மனுஷனையும் கூட்டிட்டு வாம்மா. வாளி எப்பவும் ரெடி."

அவர் வருவதாக இருந்த சனிக்கிழமை போன வருடமே வந்துவிட்டது. அது வருவதற்கு நான்கு நாள் முன்னால் அவர் போய்விட்டார். தார்ப்பாய் அவர் வாங்கியது. இன்று காலை அவள்தான் முதன்முதலாகப் பிரித்தாள். கடை மடிப்பு இன்னும் போகவில்லை.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். டீக்குவளையோடு மறுபடியும் தார்ப்பாய்க்குள் குனிந்து போனாள். வெளியே மேளம் நிற்கவில்லை.

தான் படுத்திருந்த ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் காலியாக விட்டிருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. வெயிலில் வெதுவெதுப்பாகக்கூட இருந்தது.

"ஏங்க," என்றாள், சிரிப்பு இன்னும் அடங்காமல். "உங்க பக்கமும் நனையல."