ஆறாம் பாட்டு

ஒரு சிறிய கிறிஸ்தவக் கோயிலில், பாடவேண்டிய பாட்டின் எண்ணை மாட்டும் பலகை இருந்தது. அன்று அதில் 6 என்ற அட்டையை மேலே ஓர் ஆணியும் கீழே ஓர் ஆணியும் பிடித்திருந்தன.

"மணியைத் தாங்கினாலும் பெருமை. ஓர் அட்டைக்கு எதற்கடா தம்பி இத்தனை பாடு?" என்றது மேல் ஆணி. "எண்ணைத்தான் போதகர் சத்தமாகச் சொல்லிவிடுகிறாரே!"

"செல்லக்கனி அம்மாவுக்குக் காது கேட்காதே, அண்ணே. அவர் நம்மைப் பார்த்துத்தானே பாடுவார்? இன்றைய துக்கப் பாட்டே இறந்துபோன அவர் கணவருக்காகத்தான்."

"ஒருத்தருக்காகவா? போடா!"

மேல் ஆணி பிடியை விட்டது. அட்டை கீழ் ஆணியில் தலைகீழாகத் தொங்கியது. 6 இப்போது 9 ஆகிவிட்டது.

சபையார் எழுந்து ஆறாம் பாட்டைத் தொடங்கினார்கள். முன் வரிசையில் செல்லக்கனி அம்மாள் ஒன்பதாம் பாட்டைத் திறந்தார். கல்யாணப் பாட்டாயிற்றே என்று திகைத்து, பலகையை மறுபடியும் பார்த்தார். அது 9 என்றுதான் சொன்னது. அதை நம்பி, உரக்கப் பாடினார்.

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். செல்லக்கனி அம்மாள் திரும்பிப் பார்த்தார். எல்லோருடைய வாயும் வேறு எதையோ பாடிக்கொண்டிருந்தது. அவர் புத்தகத்தை மூடிவிட்டார்.

அடுத்த ஞாயிறு, கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை மேல் ஆணியை அடித்துச் சரிசெய்திருந்தார். அது அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. முன் வரிசையைப் பார்க்க மட்டும் அதற்குத் துணிவில்லை.

"வந்திருக்கிறாரா, தம்பி?"

"வந்திருக்கிறார், அண்ணே. சரியான பக்கத்தைத்தான் திறந்திருக்கிறார்."

"பாடுகிறாரா?"

கீழ் ஆணி மறுபடியும் முன் வரிசையைப் பார்த்தது. செல்லக்கனி அம்மாள் வரிகளின்மேல் விரலை மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தார். வாய் மூடியே இருந்தது.