தோட்டத்துக்கு வந்த பணம்

பெருந்தொற்றுக் காலத்தில் ஆஸ்திரேலிய அரசாங்கம் எல்லோருக்கும் பணத்தை வாரி இறைத்தது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. வரலாற்றின் நலன் கருதி இதை மறுத்தே ஆகவேண்டும். டூங்கபியில் வசித்த வரதராஜனுக்கு ஒரு டாலர்கூட வரவில்லை.

அவருடைய வேலை போகவில்லை, படுக்கையறையிலேயே அலுவலகம் நடந்தது, சம்பளம் முழுதாக வந்தது என்பதெல்லாம் வேறு விஷயம்.

ஆகவே, மளிகைக்கடை வரிசையில் ஒன்றரை மீட்டர் முன்னால் நின்ற இலங்கைத் தமிழ்ப் பெண்மணி யோகா, போனில் யாரிடமோ, "ஓம், எங்கட தோட்டத்துக்கும் ஜாப்கீப்பர் காசு வருது" என்று சொன்னது அவர் காதில் காய்ச்சிய ஈயமாக இறங்கியது.

ஜாப்கீப்பர் என்பது தொழில் படுத்துவிட்டவர்களுக்கு அரசு கொடுத்த நிவாரணம். யோகாவின் கணவர் சிவபாலனின் தோட்டத்தை வரதராஜன் ஒரு பிறந்தநாள் விருந்தில் கண்ணால் பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் நாலு மிளகாய்ச் செடி, தொட்டியில் ஒரு கறிவேப்பிலை.

"நாலு மிளகாய்ச் செடிக்கு நிவாரணமாம்" என்றார் மனைவி கலாவிடம். "எல்லாம் நான் கட்டற வரி."

அந்தப் பணம் நின்றுபோனால் அவர்கள் பாடு என்ன ஆகும் என்று கலா கேட்டாள். மிளகாய் பறித்து விற்கட்டும் என்றார்.

சனிக்கிழமை காலை, வீட்டின் பின்புறம் மடிக்கணினியோடு உட்கார்ந்து அரசுக்குப் புகார் எழுதினார். மூன்று பத்தி. மூன்றாவதில் மட்டும் 'மனசாட்சி' இரண்டு முறை வந்தது. அனுப்புமுன் யாராவது ஒருவர் பாராட்டினால் தேவலை என்றிருந்தது.

எதிரே, கொல்லையில் கட்டி அவர் வாடகைக்கு விட்டிருந்த கிரானி பிளாட் என்னும் சிறு வீட்டின் வாசலில் ராகவேந்திரா துணி உலர்த்திக்கொண்டிருந்தான். மதுரையிலிருந்து மாஸ்டர்ஸ் படிக்க வந்தவன். மாலைகளில் பரிமாறிக்கொண்டிருந்த ஹோட்டல் மூடியபின், விடிகாலையில் எங்கோ வேலைக்குப் போய்வந்தான். எங்கே என்று வரதராஜன் கேட்டதில்லை.

"ராகவ், இதைக் கேளு. காட்டம் போதுமான்னு சொல்லு."

முழுவதையும் வாசித்துக் காட்டினார். ராகவேந்திராவின் கையிலிருந்த சட்டை கொடிக்குப் போகவில்லை.

"அங்கிள், நீங்க பார்த்தது தோட்டம் இல்லை. வீட்டைச் சுத்தி இருக்கறதை அவங்க ஊர்ல வளவுன்னுதான் சொல்வாங்க. தோட்டம்னா பயிர் வைக்கிற நிலம். கெம்ப்ஸ் கிரீக்ல அவருக்குப் பதினெட்டு ஏக்கர். கத்திரி, வெண்டை, பாகல்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அங்கேதான் வேலை பார்க்கறேன்."

ஹோட்டல்கள் மூடிவிட்டதால் பாதிக் காய் செடியிலேயே முற்றிப்போனதையும், அப்படியும் சிவபாலன் ஒருவரையும் வேலையைவிட்டு நிறுத்தாததையும் அவன் சொன்னான்.

வரதராஜன் லேசில் விடுகிறவர் அல்ல. "நிறுத்தாம இருக்கத்தானே கவர்மென்ட் உங்க எல்லாருக்கும் சேர்த்துக் கொடுக்குது?"

"எங்களுக்குக் கிடையாது அங்கிள், விசா அப்படி. அவர் ஒருத்தர் பேருக்குத்தான் வருது. அதை எனக்கும் என்கூட வேலை பார்க்கற சஞ்சீவுக்கும் சம்பளமாப் பிரிச்சுக் கொடுத்துடறார்."

"மொத்தத்தையுமா?"

"மொத்தத்தையும்."

"படிக்க வந்த பசங்களுக்கு அவ்வளவு பணம் எதுக்கு?"

ராகவேந்திரா மரியாதையாகவே சொன்னான்.

"வாடகைக்கு அங்கிள். வியாழக்கிழமை அவர் தர்றார், வெள்ளிக்கிழமை உங்களுக்கு வந்துடுது."

வரதராஜன், வெயிலில் கண் கூசுகிறது என்று சொல்லி மடிக்கணினியை மூடினார்.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து கிரானி பிளாட்டின் வாடகை ஐம்பது டாலர் குறைந்தது.